நேர் எதிரே

பள்ளிகொண்டா பாலத்துக்கு மேற்கே
நடு ஆற்றில் ஏணி போட்டு
அதன் தலையில் ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டினேன்.
இரவு இரண்டு மணி.
சுவரே இல்லாத அறை வேண்டுமென்றால்
எங்களுக்கு இதுதான்:
தண்ணீர் வராத பாலாறு.

மைக் ஒரு மீட்டர் தள்ளி.
மணலின் பதில் வந்து சேர ஒன்பது மில்லிசெகண்ட்,
அதற்குள் கத்தரித்துவிடலாம்.
கத்தரித்தால் நூற்றுப்பத்து ஹெர்ட்சுக்குக் கீழே
கோடு சொல்வதெல்லாம் ஜோசியம்.
தெரியும்.
இருந்தாலும் மீதிக் கோடு
காற்றில்லாத ஏரி மாதிரி படுத்திருந்தது,
எந்தத் தேய்ப்பும் இல்லாமல்.
மூன்றில் ஒரு ஆக்டேவ் தேய்த்துக் காட்டினால்
எந்தக் கோடும் கல்யாண ஆல்பத்து முகம்தான்.

டார்ச் ஒன்று மணலில் இறங்கி வந்தது.
"இன்னாபா, மணல் அள்றியா?"
"இல்ல சார், சத்தம் அளக்கிறேன்."
ஏட்டு என் வாளியைப் பார்த்தார்.
மைக் சாயாமல் நிற்க
ஒரு வாளி மணல் இருந்தது உண்மை.
இருபதிலிருந்து இருபதாயிரம் வரை
ஒரு தரம் ஓட்டிக் காட்டினேன்.
"முடிஞ்சிடுச்சா?" என்றார்.
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
அக்கரை நாய்களுக்குத் தெரிந்திருந்தது.

பேரணாம்பட்டு, அதீக் பாய் வீடு.
பத்துக்குப் பத்து அறை,
ஐம்பத்தாறு ஹெர்ட்சில் தானே பாடும் அறை.
நடுவில் நின்றால் டோலக்கின் அடி காணாமல் போகிறது,
மூலை சோபாவில் வயிற்றைக் குத்துகிறது.
தோல் ஷாப்பில் முப்பத்தோரு வருஷம்
டிரம் பக்கத்தில் நின்ற காது அவருடையது.
கவாலி ஓடவிட்டேன்.
"பழைய பெட்டியில கைத்தட்டல் பளிச்சுனு விழும் தம்பி.
இதுல போர்வைக்குள்ள தட்டுறாங்க."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன்.
ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்ப்பதுபோல
மரியாதையாகப் பார்த்துவிட்டு
எங்கே வலிக்கிறது என்பதை
மறுபடியும் சொன்னார்.

நாலாயிரத்தில் மூன்று டெசிபல் ஏற்றினேன்.
கோட்டில் ஒரு கொப்புளம்.
அவர் முகத்தில் கைத்தட்டல் வந்து சேர்ந்தது.
சரி, கொப்புளத்தோடே கொடுத்துவிடலாமென்று
ஸ்க்ரூவை முடுக்கும்போது
சமையலறையிலிருந்து ஷாகிரா அக்கா:
"காது கிழியுது. முன்ன இருந்ததே பரவால்ல."

கதவு எங்கே இருக்கிறதென்று
அப்போதுதான் பார்த்தேன்.
பெட்டிக்கு அறுபது டிகிரி.
சோபா நாற்பது.
பேரப்பையன் தரையில், பெட்டிக்குக் கீழே.
நான் அளந்த இடத்தில், நேர் எதிரே,
சரியாக ஒரு மீட்டரில்
இஸ்திரி மேஜை இருந்தது.

மறு ராத்திரி மறுபடி ஆறு.
பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பினேன்.
முப்பது வரை சமர்த்தாக இருந்த கோடு
அறுபதில்,
பெரிய கூம்பு வாய் மூடி
சின்னக் கூம்பு வாய் திறக்கிற இடத்தில்
உப்பியிருந்தது.
அதன் மேல்தான் நான் மூன்றை ஏற்றியிருக்கிறேன்.
அக்கா சொன்னது அப்படியே இருந்தது அதில்.
பாய் சொன்னது
எந்தக் கோணத்திலும் இல்லை.

தொண்ணூறுக்குத் திருப்பும்போது
கரையில் டார்ச் தெரிந்தது.
அவர் கேட்பதற்கு முன்பே
வாளியைக் கவிழ்த்துக் காட்டினேன்.
மைக் சாய்ந்தது.