கழித்தது போக

அப்புத்தளையில் வெயிலை நிறுப்பது என் வேலை.
கைக்குட்டை அளவில் ஒரு கண்ணாடி.
அதன் முதுகில் சிலிக்கன் படலம்:
தலைமுடியை இருநூறாகச் சீவினால்
அதில் ஒரு சீவல்.

நூறு பங்கு வெளிச்சம் விழுகிறது.
மேல்முகத்தில் பட்டுத் தெறித்தது எட்டு.
சிவப்பு நிற்கவேயில்லை, ஊடுருவிப் போய்விட்டது.
சூடாகித் தொலைந்ததுதான் அதிகம்.
எல்லாம் கழித்து மீட்டரில் நின்றது
ஏழு தசம் ஒன்று.

பெனடிக்டா எட்டிப் பார்த்தாள்.
"அம்மாவோட கொழுந்துத் தராசு மாதிரியே இருக்கு.
சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டு,
மிச்சம் பதினாறு. அரைப் பேர்."
சிரித்தாள். நான் ஏழு தசம் ஒன்று என்று எழுதினேன்.

மூன்று மாதமாய் நாங்கள் செய்தது
அந்த வழவழப்பைக் கெடுத்ததுதான்.
அமிலத்தில் பதினெட்டு வினாடி;
இருபது என்றால் படலம் பொத்தல்.
மேடு பள்ளத்தில் இடறிய ஒளி
குறுக்கே சாயும், மோதும், திரும்பும்,
வெளிவாசல் தெரியாமல் உள்ளேயே அலைந்து
எங்கோ ஓர் எலக்ட்ரானைத் தட்டி எழுப்பும்.

ஒன்பது தசம் நான்கு!
பத்து நாள் கூரையில் கிடந்தபின்
எட்டு தசம் இரண்டு.
வெயிலைத் தின்னச் செய்த பொருளை
வெயிலே தின்கிறது.
மருந்து சூடுதான். ஆனால்
லேப் அடுப்பின் சுருள் போன வாரமே எரிந்துவிட்டது.

ஜுனைதீன் பேக்கரியில்
கடைசித் தட்டுப் பாண் இறங்கும்வரை காத்திருந்தோம்.
நூற்றைம்பது பாகை, இரண்டு மணி நேரம்.
"என்ன தங்கச்சி, இது பொங்குமா?"
"பொங்காது நானா. பட்டதை மறக்கும்."

விடிந்ததும் அளந்தோம்: ஒன்பது தசம் மூன்று.
ஓரத்தில் ஒட்டியிருந்த எள்ளைப்
பெனடிக்டா நகத்தால் கிள்ளி எடுத்து
வாயில் போட்டுக்கொண்டாள்.

"கழிச்சதையும் எழுதி வை" என்றாள் பிறகு.
"எது எங்க போச்சுன்னு."
நோட்டில் புதிதாய் ஒரு கோடு கிழித்தேன்.
தெறித்தது நான்கு.
கடந்துபோனது, சூடானது, இன்னும் தெரியாதது.
கொழுந்து மடுவத்துப் புத்தகத்தில்
இந்தப் பத்தி இருந்ததில்லை.

பதினொரு மணிக்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது.
சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
எல்லாத் திசையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாய்,
ஏற்கெனவே வழி தவறிய வெளிச்சம்.
முள் கீழே இறங்கியது, ஆனால் படுக்கவில்லை.

கையுறையைக் கழற்றாமல்
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.