சதுர அடிக்கு அறுபது சென்ட்

டுலூத் நகரம், டிசம்பர் இருபத்தெட்டு.
சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் காற்று
என் கோப்பின் ஓரத்தைப் பிடித்து இழுக்கிறது.
இன்னும் மூன்றே நாள்.
அதற்குள் விளக்குகளை மாட்டி, அவை எரிந்து,
நான் எண்ணிக் கையெழுத்திட்டால்தான்
ஆர்வில் ஹாகெனுக்கு இந்த ஆண்டுக் கழிவு.

நாற்பதாயிரம் சதுர அடிக் காகிதக் கிடங்கு.
அடிக்கு அறுபது சென்ட்.
"இருபத்து நாலாயிரம் டாலர்!" என்கிறார்
வாசலிலேயே, கையுறையைக்கூடக் கழற்றாமல்.
கழிவு வேறு, வரி வேறு, ஆர்வில்.
வருமானக் கணக்கில் குறைவதுதான் அவ்வளவு;
பையில் தங்குவது அதில் மூன்றில் ஒரு பங்கு.
அவர் முகம்
பாதி வெளிச்சத்துக்கு இறங்குகிறது.

பழைய விளக்குகள் மூலையில் குவிந்து கிடக்கின்றன.
ஒவ்வொன்றும் நானூறு வாட்.
அதைத் தாங்கிய பெட்டி
தன் பங்குக்கு ஐம்பத்தெட்டு தின்றது.
அணைத்தால் மறுபடி முழுதாய் எரியப் பத்து நிமிடம்;
அதனால் யாரும் அணைத்ததே இல்லை.
பதினேழு ஆண்டுகள்
ஞாயிற்றுக்கிழமைகளிலும்
காகிதச் சுருள்களுக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

கிடங்கென்றால் விதி கறார்:
வரம்பில் பாதிக்கு மேல் எரியக் கூடாது.
நான் எண்ணியபடி நடக்கிறேன்.
கூரையில் வெள்ளைப் பொத்தான்கள் போல உணரிகள்.
எனக்கு முன்னால் விடிகிறது,
பின்னால் இருட்டுகிறது.
எழுபத்தொன்று, எழுபத்திரண்டு.
பாதிக்கும் கீழே. தேறிவிட்டது கட்டடம்.

பதினோராம் சந்தின் கோடியில் ஒரு மேசை.
இரவுப் பணிக் கணக்காளர் ஐலா நிஸ்கானென்
தலை நிமிராமல்
பேருந்தை நிறுத்துவது போல் வலக்கையை உயர்த்துகிறார்.
"யாரைக் கூப்பிடுகிறீர்கள்?"
"விளக்கை."

அவர் வேலை அசையாத வேலை:
பேனா ஓடும், தோள் ஓடாது.
பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
உணரி முடிவு கட்டிவிடுகிறது,
இங்கே எவருமில்லை என்று.
முதல் வாரம் ஃபின்னிஷ் மொழியில் வைதாராம்.
இப்போது கை தானாக எழுகிறதாம்.
வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போதும்.
"யாருக்கு டாட்டா?" என்று கணவர் கேட்கிறாராம்.

ஆர்விலிடம் போனேன்.
"அந்த உணரியை எடுத்துவிட்டால் சேமிப்பு என்னாவது?"
படிவத்தின் பின்புறம் போட்டுக் காட்டினேன்:
நூற்றைம்பது வாட், ஒன்பது மணி நேரம்,
இரவு முழுக்க எரிந்தால் பதின்மூன்று சென்ட்.
அந்த அம்மாள் கையாட்டுவதால்
இப்போதும் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது.
நீங்கள் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை, ஆர்வில்,
செலவானது அவருடைய தோள்பட்டை.

வெகுநேரம் அந்தப் பதின்மூன்றையே பார்த்தார்.
பிறகு காப்பி ஊற்றப் போனார்.
சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.
மின்பணியாளர் டுவைட் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு
ஏணியைத் தூக்கினான்.

"கட்டுப்பாட்டு வகை" என்ற கட்டத்தில்
நூற்று எண்பத்தொரு விளக்குக்கு "உணரி" என்றும்
ஒன்றுக்கு "கைவிசை" என்றும் எழுதினேன்.
நள்ளிரவில் ஐலா சாப்பிட எழுந்தார்.
டக்.
உணரியாய் இருந்தால்
காலி நாற்காலிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்
காவல் இருந்திருக்கும்.
இந்தச் சேமிப்பை எழுதக் கட்டம் தேடினேன்,
அப்படி ஒன்று இல்லை.

வண்டிக்குள் உட்கார்ந்து கூட்டலைச் சரிபார்த்தேன்.
கண்ணாடியில் பனி ஏறிக்கொண்டிருந்தது.
மூன்றாம் பக்கத்தில்
தலைக்கு மேலிருந்த சிறு விளக்கு
மெல்ல மங்கி அணைந்தது.
யோசிக்காமல் கையை உயர்த்தினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.