ரசீது

கொக்கிரகுளம் ஆபீஸ்ல
மூணாவது தடவையா கேக்காவ:
"அவன் அடிச்சப்போ நீ எங்கம்மா இருந்த?"

பீடிக்கடையில.
ஆயிரத்துக்கு அறுபது கழிச்சு
எண்ணிக்கிட்டிருந்தாரு கணக்கப்பிள்ளை.

வீட்டுக்கு வந்த மேடம்
அரிசிப் பானையைத் திறந்து பாத்தாவ,
கக்கூஸ் இருக்கான்னு எழுதிக்கிட்டாவ.
என் முழங்கைத் தழும்பை
அவிய கேக்கல, நானும் காட்டல.

ஞாயித்துக்கிழமை காப்பகத்துல
பேச்சிப்ரியா என் விரலை மோந்து பாத்தா.
இலை வாடை.
பொறவு மெதுவா,
"இங்க ராத்திரி உள்பக்கமா தாப்பா போடுதாவம்மா.
தூக்கம் வருது."

ஜங்ஷன்ல இறங்கி
இரும்புக்கடையில பெரிய தாப்பா ஒண்ணு,
திருகாணி நாலு.

அடுத்த விசாரணையில
அவன் வரமாட்டாங்கதுக்கு
ஆதாரம் கேப்பாவ.
நூத்தி எண்பது ரூவா ரசீதை
ஆதார் நகலுக்கு அடியில வச்சிருக்கேன்.

நாலாவது திருகாணிதான்
ஏறமாட்டேங்கு.