இரண்டாம் தாள்

கோனாப்பட்டில் ஒரு வீட்டை
முப்பத்தேழு புள்ளிக்குப் பிரிக்கிறார்கள்.
அளக்க வந்தவன் நான்.
நாடா பிடிக்க ஜபருல்லா.

முகப்பில் தொடங்கி
வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள்
வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.
பர்மா தேக்குத் தூண் இருபத்தாறு,
இத்தாலிச் சலவைக்கல்லில் பதினோரு சதுரம் உடைசல்,
வௌவால் எச்சம் கணக்கில் இல்லை.

பின்கட்டு அறையில்
சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு துணிப்படம்.
ரங்கூனில் எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தோ
கப்பலேறி வந்திருக்க வேண்டும்.
ஆணியெல்லாம் துரு.
பாசியாய் மங்கின கடலில்
நொறுங்கின அப்பளமாய்த் தீவுகள்.

“எந்த ஊர் சார் இது, ராமேசுவரமா?”

எனக்குத் தெரியும் அந்தக் கரை.
தபால் வழி எம்.ஏ., இரண்டாம் தாள்,
பண்டைக் கிரேக்கம்.
மூன்று தடவை எழுதி
மூன்று தடவையும் முப்பத்திரண்டு.
அட்டிக்கா, பொயோட்டியா, தெஸ்ஸலி,
கடலே பார்க்காத ஆர்க்காடியா,
ஊருக்கு மதில் வேண்டாமென்ற லக்கோனியா.
பேருந்தில் நின்றபடி மனப்பாடம் செய்து
திருமயம் வளைவில் ஒவ்வொன்றாய்த் தவறவிட்டேன்.

கல்லும் சரளையுமான மண்.
மழை நினைத்தால் உண்டு.
கப்பலேறினார்கள்.
கொரிந்திலிருந்து சிராக்யூசுக்கு,
மிலேட்டசிலிருந்து கருங்கடல் ஓரம் பூராவும்.
போகையில் தாயூர் அடுப்பிலிருந்து
நெருப்பு எடுத்துப் போனார்களாம்.
இந்த வீட்டுக்காரர்கள் வேல் எடுத்துப் போனார்கள்.
பினாங்கில், மூவாரில், சைகோனில்
இறக்கி வைத்த இடத்தில் ஒரு கோயில்,
பக்கத்திலேயே வட்டிக்கடை.

வளவில் சத்தம் முற்றியது.
பொதுவில் வைத்த கோயில் பணம்
“பத்திரமாக இருக்கட்டும்” என்று
பெரியவீட்டு இரும்புப்பெட்டிக்கு மாறியதாம்;
மாறின மறுவருஷம்
பெரியவீட்டுக்கு மாடி ஏறியதாம்.
சாத்தப்பன் இல்லவே இல்லை என்கிறார்.
உமையாள் பேரேட்டைப் பிரித்துத் தேதி காட்டுகிறாள்.

நான் படத்தில் டீலோசைத் தேடினேன்.
மிளகு அளவு இருந்தது.
பாரசீகனுக்குப் பயந்த ஊர்களெல்லாம் கூடி
அங்கேதான் பணம் போட்டு வைத்தன.
பத்திரமாக இருக்கட்டும் என்று
ஏதென்ஸ் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனது.
குன்றின் மேல் சலவைக்கல் ஏறியது.
அதற்குச் சில வருஷம் முன்பே
என்னைப் பிரித்துவிடுங்கள் என்றது தாசோஸ்.
மதிலை இடித்துக் கப்பலைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஐந்து காரணங்களை விளக்குக என்று
கேள்வி வந்திருந்தது.
அன்றைக்கு எனக்கு ஒன்றுகூடத் தெரியாது.
இன்றைக்கு வளவிலிருந்து
காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

“படமும் பொதுச்சொத்துதானே,”
தேனப்பன் உள்ளே வந்து கழற்றச் சொன்னார்.
கீழாணியைப் பிடுங்கியதும்
வலப்பக்கம் பொலபொலவென்று உதிர்ந்தது.
ஆசியக் கரை முழுக்கச் செல்லரித்திருக்கிறது.
எபேசஸ் இல்லை. மிலேட்டஸ் இல்லை.
ஐயோனியா இருந்த இடத்தில்
சுண்ணாம்புச் சுவர்.

அந்த ஒரு கரையின் பேரைத்தான்
நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் வைத்தார்கள்.
பூம்புகாரில் இறங்கினவன்
அலெக்சாந்திரியாவில் பிறந்தவனே ஆனாலும்
யவனன்.
இவர்களும் அந்தப் பூம்புகாரிலிருந்து
வந்ததாகத்தான் சொல்கிறார்கள்.
கடல் வேண்டாமென்று
இத்தனை தூரம் உள்ளே வந்து வீடு கட்டி
மறுபடி கடலுக்கே போனார்கள்.

“என்ன விலை போகும்?” என்றார் தேனப்பன்.
காரைக்குடி பழஞ்சாமான் கடையில்
உருளைக் கட்டைக்கு மட்டும் ஏதாவது கொடுப்பார்கள் என்றேன்.
போய்விட்டார்.

மஞ்சளேறின சுவரில்
படம் இருந்த இடம் மட்டும் வெள்ளை.
ஜபருல்லா நாடாவின் முனையை அதில் வைத்தான்.
நாலடி இரண்டங்குலம். மூன்றடி ஏழு.
“கடலையும் சேர்த்தா சார்?”
சேர்த்துத்தான் எழுதினேன்.

வளவுக்குக் காபி வந்தது.
சாத்தப்பன் தரப்புக்கு ஒரு தட்டு,
உமையாள் தரப்புக்கு ஒரு தட்டு.
எங்கள் இரண்டு தம்ளர் எந்தத் தட்டில் என்று
இன்னும் முடிவாகவில்லை.