மூன்றாவது ஃபேஸ்

அந்தோஃபகஸ்தாவுக்கு வடக்கே
மழை என்பது வெளியூர்க்காரர்கள் சொல்லும் சங்கதி.
விடியலில் கமஞ்சாக்கா வரும்,
கடலிலிருந்து எழுந்து
கதவு தட்டாமல் நுழையும் மூடுபனி.
நாக்கை நீட்டினால் கரிக்கும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை.
பம்பு அறை சுவிட்ச்கியரை
ஐந்து மணிக்கே அணைத்துவிட்டோம்.
மேட்டுத் தொட்டியில் இருப்பது
ஊருக்கு நண்பகல் வரைதான் காணும்.
மேலாளர் ஒசான்டோன் இதை
மூன்று முறை சொல்லிவிட்டார்,
மூன்றாவது முறை தன் கைக்கடிகாரத்திடம்.

எலெயுத்தேரியோ பிரேக்கரை இழுக்கிறான்.
இருநூறு கிலோ.
ஒரு கெட்ட வார்த்தை சொன்னால்தான் நகரும்.
பூட்டு தொங்குகிறது, சிவப்பு அட்டை தொங்குகிறது,
அணைத்தவளே நான்தான்.
ஆனாலும் கோலை நீட்டி,
செத்துவிட்டாயா என்று கேட்டு,
எர்த் செய்த பிறகுதான் தொடுவோம்.

மெகர். ஐயாயிரம் வோல்ட்.
ஆர்: முதல் நிமிடம் எட்டாயிரம் மெகாஓம்,
பத்தாவதில் இருபதாயிரம் தாண்டியது.
எஸ்: கூடக் குறைய அதே.
டி: தொள்ளாயிரம்.
இரண்டாம் நிமிடமும் தொள்ளாயிரம்.
நான்காவதில் எண்ணூற்று எழுபது.

பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று
பேருந்துக்குக் காத்திருப்பவர்களுக்குத் தெரியாது.
மின்விசிறி ஓடவில்லை. பம்புகள் ஓடவில்லை.
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
இந்த அறையிலிருந்து கடல் கேட்டது.
எலெயுத்தேரியோ ரொட்டியைப் பிரித்தான்,
முள்ளைப் பார்த்தான்,
திரும்ப மடித்து வைத்தான்.

பத்தாவது நிமிடம்: அறுநூற்று நாற்பது.

நல்ல காப்பு நேரம் போகப் போக ஏறும்.
இது ஏதோ சொல்ல வந்து
வாய் குழறுகிறது.

பத்து நிமிடம் ஏற்றியதை
நாற்பது நிமிடம் இறக்க வேண்டும். இறக்கினோம்.
ஒசான்டோன் வந்தார், போனார், வந்தார்.
பிறகு டார்ச்சைச் சாய்த்து அடித்தேன்.
நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது,
சாய்த்தால் தூசி பேசும்.

டி ஃபேஸின் எபாக்ஸித் தடுப்பில் ஒரு கை.
நான்கு விரல்கள் மங்கலாக, கட்டைவிரல் தெளிவாக.
வியர்வை விட்டுப்போன உப்பு
ஒவ்வொரு விடியலிலும் பனியைக் குடித்திருக்கிறது.
கட்டைவிரல் விளிம்பிலிருந்து
முடி கனத்தில் ஒரு கருங்கோடு
எர்த் இருக்கும் திசையைத் தேடிக் கிளைத்திருந்தது.
இன்னும் இரண்டு அங்குலம்.

ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு இடைவெளி.
என் இடது கையுறையைக் கழற்றினேன்.
சார்டின் டப்பா கிழித்த தழும்பு,
அதே சாய்வு.

பதிவேட்டில், போன ஜூலை:
துடைத்தது, மூடியது, யஸ்னா மர்தினிச்.
என் கையெழுத்து அழகாகவே இருந்தது.

ஸ்பிரிட் வைத்துத் துடைத்தோம்.
எண் இரண்டாயிரத்துக்கு ஏறியது.
"போதுமே" என்றார் ஒசான்டோன்.
கை போய்விட்டது, கோடு போகவில்லை.
எரிந்தது எரிந்ததுதான்.
"இன்னொரு வருடம் ஓடும்," என்றார்.
ஓடலாம். நானும் நேற்றுவரை
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கடைசிக் கூண்டிலிருந்த உபரி பிரேக்கரை எடுத்தோம்.
அதையும் சோதிக்க வேண்டும்,
மூன்று ஃபேஸ், மூன்று பத்து நிமிடம்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்பது.
நண்பகல் எங்களைக் கடந்து போனது.

அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
"கடல் காற்று என்று போடு," என்றான் எலெயுத்தேரியோ,
"எல்லாரும் அதைத்தான் போடுகிறோம்,
கடல் வழக்குப் போடாது."
எழுதினேன்:
கைரேகை. இடது கட்டைவிரல். என்னுடையது.
அவன் படித்துப் பார்த்துவிட்டு
சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.
அதற்குப் பிறகு ரொட்டியைத் தின்றான்.

சட்டைப்பையில் அலைபேசி நடுங்கியது. தங்கை மில்லராய்:
தலை முழுக்க ஷாம்பூ,
குழாயில் காற்று மட்டும் வருகிறது,
உங்கள் ஆலை என்ன கிழிக்கிறது?
மூன்றரைக்கு வரும் என்று பதில் அனுப்பலாம்.
அதற்குக் கையுறையைக் கழற்ற வேண்டும்.

பிரேக்கர் இன்னும் திறந்தே இருந்தது.
கழற்றவில்லை.