மூன்றாம் அலசல்

வின்னிபெக்கில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தண்ணீர் மீட்டர் பார்க்கப் போயிருந்தேன்.
மீட்டர் நிலவறையில்.
நிலவறையில் ஓரெஸ்ட் ஹாவ்ரிலுக்,
அவருக்குப் பின்னால் சுவரோடு சுவராக
நான்கு பழைய வாஷிங் மெஷின்கள்,
பல் டாக்டருக்குக் காத்திருப்பவர்கள் போல.

“வீட்டில் இரண்டே பேர்.
ஒன்பது பேருக்கான தண்ணீர் ஓடியிருக்கிறது.
எங்காவது ஒழுகுகிறதா?”

“ஒழுகவில்லை. அலசுகிறேன்.”

மேலே சமையலறையிலிருந்து வெர்னா கத்தினாள்:
“அவரிடம் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்!”

எடுத்துவிட்டேன்.

வெண்ணெய் நிறத்தில் ஒன்று, ஐம்பத்தேழாம் வருடத்தது.
ஒரே ஒரு திருகு. விளக்கு இல்லை, பாட்டு இல்லை.
மூடியைத் திறந்தாலும் நிற்காது;
வெட்கமில்லாமல் வேலை செய்யும்.
கழுத்துவரை நீர் நிரம்பி
அதற்கு மேலும் நிரம்பி
விளிம்பில் வழியும்போது
நுரை முதலில் போகும்,
அப்புறம் நூல், பூனை முடி,
போன வாரத்துக் கோபம் என்று
அவர் சொன்னதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

“உங்கள் மெஷின் எப்படி?” என்றார்.
புதியது, சிக்கனமானது,
துணியை எடைபோட்டுத் தண்ணீர் எடுக்கும் என்றேன்.
சிரிக்கவில்லை. பரிதாபப்பட்டார்.
“சட்டையைக் கழற்றுங்கள்.”

நேற்றுத் துவைத்த சட்டை.
மாநகராட்சி முத்திரை, சபூரின் என்று என் பெயர்த்துண்டு.
ஏன் கழற்றினேன் என்று இப்போதும் தெரியவில்லை.
அவருடைய கட்டம்போட்ட சட்டை ஒன்றைத் தூக்கிப் போட்டார்,
தோள் எனக்குப் பெரிது.

சோப்பு போடவில்லை. வெறும் தண்ணீர்.
ஐந்து நிமிடம் கடைந்தது அந்த இரும்புத் தண்டு,
இப்படி அரைச்சுற்று, அப்படி அரைச்சுற்று.
மூடி திறந்தே இருந்தது. எட்டிப் பார்த்தேன்.
நுரை.
பீர் ஊற்றியது போல நுரை.
இரண்டு வருடமாக நான் தோளில் சுமந்த நுரை.

ஊறுகாய் ஜாடியில் ஒரு கரண்டி மொண்டு
மூடி போட்டுக் குலுக்கி
விளக்கடியில் நீட்டினார், ரத்தம் சோதிக்கிறவர் போல.
இரண்டு விரல் உயரம்.

கழுத்தில் சொறிந்துகொண்டிருந்தேன்.
எப்போதும் சொறிவதுதான்.
குளிர் என்றார் டாக்டர், கம்பளி என்றாள் கொலெட்,
மன அழுத்தம் என்று மேலதிகாரி விடுப்பு கொடுத்தார்.

இரண்டாம் அலசல்: ஜாடியில் ஒரு விரல்.
மூன்றாம் அலசல்: ஓரத்தில் மெல்லிய வளையம்.
“இது போகாது” என்றார்.
“பழைய மெஷின் என்றால் எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்று
சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பொய்.
அதோ அந்தப் பச்சை நிறம், வெறும் அழகு;
அழுக்குத் தண்ணீரைத் துணி வழியாகவே வடிகட்டும்,
மணல் எல்லாம் போர்வையில் தங்கிவிடும்.
இது மட்டும்தான், அதுவும் நிறையத் தண்ணீர் கேட்டு,
போதும் என்கிற இடம் வரைக்கும் கொண்டுபோகும்.”

போதும் என்கிற இடம் எது என்று கேட்டேன்.
“பில் வரும்போது வெர்னா சொல்வாள்.”

மீட்டரின் சிவப்பு முள்
எங்கள் இருவருக்கும் நடுவில்
நிற்காமல் சுற்றியது.
மணி நாலாகி வெளிச்சம் போய்விட்டது.
இன்னும் ஏழு வீடுகள் பாக்கி.
என் சட்டை நான்காவது தண்ணீரில்
கையைத் தூக்கித் தூக்கி
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

படிவத்தில் காரணம் எழுத ஒரே ஒரு கட்டம்.
கசிவு, பழுது, நீச்சல்குளம், மற்றவை.
மற்றவை என்று குறித்தேன்.
விளக்கம் கேட்டது. “அலசல்” என்று எழுதினேன்.
விசாரணை நடப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்த அளவெடுப்பு ஏப்ரலில்.
அதுவரை அவர் சட்டை என்னிடம், என் சட்டை அவரிடம்.
வண்டியைக் கிளப்பி எல்ஜின் அவென்யூ வரை வந்தபிறகுதான்
கவனித்தேன், இரண்டு கையும்
ஸ்டியரிங்கிலேயே இருந்தன.