துளை எண் 17, பாய்துனி

ஒன்றரை மீட்டர் வரை
தார், செங்கல், டிராம் தண்டவாளத்தின்
துருவேறிய ஒரு துண்டு.
நான்கு வரை பீங்கான் சில்லு, மாட்டெலும்பு, தேங்காய் மட்டை.
பதிவேட்டில் ‘நிரப்பு மண்’ என்று எழுதுகிறேன்.
ஊர் என்று எழுத அதில் கட்டமில்லை.

அதற்கும் கீழே
கரும்பச்சைக் களி.
குழாயைச் சாய்த்துத் தட்டினால்
ஈரமாய் விழுகிறது. உள்ளே சிப்பி, மூடிய வாயோடு.
வொர்லி கோலிவாடாவின் நித்தின் வைத்தி
முகர்ந்துவிட்டு ‘காடி’ என்கிறான்.
அவனுக்கு அது கழிமுகம்,
எனக்குப் புளித்த கஞ்சித் தண்ணீர்.
இரண்டு வாடையும் இருந்தது.

கால் கழுவுமிடம் என்று அர்த்தமாம்
இந்தத் தெருவின் பெயருக்கு.
வற்றம் பார்த்து ஓடையைக் கடந்து
அடுத்த தீவில் ஏறியவர்கள்
முழங்கால் சேற்றை இங்கே விட்டார்களாம்.
இப்போது வரிசையாய்ச் செருப்புக் கடைகள்.

ஏழு தீவையும் ஒரு ராஜா
மகளுக்குச் சீதனமாய்க் கொடுத்தான்.
மாப்பிள்ளை வந்தே பார்க்கவில்லை,
கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிட்டான்
வருஷத்துக்குப் பத்துப் பவுன்.
என் தங்கை பாக்கியசெல்விக்கே
பதினைந்து போட்டோம்,
இன்னும் மூன்று பாக்கி என்கிறார்கள்.
கையெழுத்தான அறையில்
வலை காயப்போட்டவன் ஒருவனும் இல்லை
என்கிறான் வைத்தி, பீடியைக் காதில் செருகியபடி.

பதினொன்றில் பாறை.
பிட் அலறியது, கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கினார்கள்.
எரிமலை கக்கி ஆறிய கருங்கல்.
இதன் உறவுக்காரப் பாறைகளுக்கு நடுவே, வொர்லிக் குன்றில்,
தவளை எலும்புகள் கிடைத்தனவாம், விரல்கடை நீளம்.
தீவு என்ற ஒன்று வருமுன்பே
மழைக்குக் கத்தியவை.

குழாய் இறக்கி, சரளை போட்டு,
நீர்மட்டம் அளக்க இரவில் உட்கார்ந்தோம்.
பத்து மணிக்கு 2.40.
நள்ளிரவில் 2.22.
இரண்டரைக்கு 2.05.
விடியலில் மறுபடி 2.31.
‘எங்கோ பைப் கசிகிறது, திரும்ப அள’
என்றார் குல்கர்னி, போனில், தூக்கத்தில்.
திரும்ப அளந்தேன்.
துறைமுகச் சுவர் இங்கிருந்து ஒரு கிலோமீட்டர்,
நடுவே ஆயிரம் கட்டடம்,
இருநூறு வருஷமாய்க் கொட்டிய மலைகள்.
வைத்தி டேப்பைப் பார்க்கவில்லை,
கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.
‘ஓஹோட்டி’ என்றான்.
கடல் இறங்குகிறது என்று பொருள்.

குறிப்பு என்ற கட்டத்தைக் காலியாய் விட்டேன்.

ஆறு மணிக்கு பம்பு ஹோஸைத் திருப்பி
இருவரும் கால் கழுவினோம்.
களி சுலபத்தில் போகவில்லை.
அதற்குள் முதல் பஸ் போய்விட்டது.